நான்கு வரிகளின் அறம்: செய்நிரலாளரின் பகிடியும் கையொப்ப ஒழுக்கமும்

கடிதமொன்றின் இறுதியில் ஒருவர் தமது பெயரை எழுதும்போது இரண்டு செயல்கள் ஒருங்கே நிகழ்கின்றன. மேலே கூறப்பட்டவை தம்முடைய கூற்றுக்களே என அவர் ஏற்றுக்கொள்கின்றார். அக்கூற்றுக்களால் விளையக்கூடியவற்றுக்குத் தாமே பொறுப்பாளர் என்றும் அறிவிக்கின்றார். பெயரில்லாது வரும் கடிதத்தை 'மொட்டைக் கடிதம்' என மக்கள் வழக்கு இழித்துரைப்பதன் காரணமும் இதுவே. சொன்னவரைக் காட்டாத சொல் முழுமையற்றது என்பது அவ்வழக்கின் உட்கிடை. ஆகவே கையொப்பமிடுதல் எழுத்து வேலை மட்டுமன்று. அது ஓர் ஒழுக்கச் செயலுமாகும்.

இக்கையொப்பம், இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில், கணனிச் செய்நிரலாளர் மத்தியில் விந்தையானதொரு வடிவத்தைப் பெற்றது. மின்னஞ்சலின் அடியில் பெயரோடு நில்லாது, ஒரு பகிடி, ஒரு பொன்மொழி, எழுத்துக்களாலேயே வரையப்பட்ட ஒரு சித்திரம், சில வேளைகளில் இயங்கக்கூடிய ஒரு சிறு செய்நிரல் என்பனவும் இடம்பெறலாயின. இவ்வரிகளை எழுதியவர் ஒருமுறை மாத்திரமே எழுதினார். அதன்பின் அவர் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் கணனி அவற்றைத் தானாகவே சேர்த்துக்கொண்டது. வாசிப்பவரோ ஒவ்வொரு முறையும் அவற்றை எதிர்கொள்ள வேண்டியவரானார். ஒருமுறை எழுதப்பட்டுப் பன்முறை பிறர்மீது சுமத்தப்படும் இப்பகிடிக்கு எல்லை உண்டா, உண்டாயின் அவ்வெல்லையை வகுப்பது எது என்னும் வினாக்கள் அச்சமூகத்தினுள் நீண்ட விவாதங்களைத் தோற்றுவித்தன. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவை அற்ப விடயங்களாகத் தோன்றலாம். எனினும், பிறருடைய நேரத்தின்மீதும் மனத்தின்மீதும் ஒருவருக்குள்ள உரிமை எவ்வளவு என்ற பழைய அறவியல் வினாவே இங்குப் புதுக்கோலத்தில் எழுந்துள்ளது என்பது கூர்ந்து நோக்குமிடத்துப் புலனாகும்.

எல்லையின் தோற்றம்

1979 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில், டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொம் ட்றஸ்கொற், ஜிம் எலிஸ் ஆகிய இருவர் 'யூஸ்நெற்' என்னும் செய்திப் பரிமாற்ற வலையமைப்புக்கு வித்திட்டனர். ஒரு கணனியில் எழுதப்படும் செய்தி, சாதாரண தொலைபேசி இணைப்பின் வழியாக அடுத்த கணனிக்கும், அதிலிருந்து அதற்கடுத்த கணனிக்கும் எனக் கைமாறிச் சென்றது. இதற்கான தொலைபேசிக் கட்டணத்தைச் செய்தியை எழுதியவர் செலுத்தவில்லை. வழியிலிருந்த பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களும் நிறுவனங்களுமே செலுத்தின.

தொடக்ககாலத் தொடர்புக் கருவிகள் வினாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துக்களையே கடத்த வல்லனவாயிருந்தன. 80 எழுத்து அகலமுடைய 30 வரிகளைக் கொண்ட ஒரு கையொப்பத்தை எடுத்துக்கொண்டால், அது 2,400 எழுத்துக்களாகும். ஓரிணைப்பைக் கடப்பதற்கு மாத்திரம் அதற்கு 80 வினாடிகள் வேண்டும். சொல்ல வந்த செய்தி இரண்டே வரியாயினும், அதன் வாலைக் கடத்துவதற்கு ஒவ்வோரிடத்திலும் ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட தொலைபேசிக் கட்டணத்தை எவரோ ஒருவர் செலுத்த வேண்டியிருந்தது. 1980களில் லரி வோல் எழுதிப் பரவலான பயன்பாட்டுக்கு வந்த செய்தி அனுப்பற் கருவியொன்று, செய்தி வெளிச்செல்வதற்கு முன்னர் பயனாளரை எச்சரித்தது. இச்செய்தி ஆயிரக்கணக்கான கணனிகளைச் சென்றடையவுள்ளது, அதனால் வலையமைப்புக்கு நூற்றுக்கணக்கான, ஒருவேளை ஆயிரக்கணக்கான டொலர்கள் செலவாகும் என்று கூறி, இதனைச் செய்யத்தான் வேண்டுமா என அது வினவியது. ஒருவர் பேசத் தொடங்குமுன் அப்பேச்சின் விலையை அவருக்கு நினைவூட்டும் இவ்வழக்கம், பேச்சு இலவசமானது என்று கருதிப் பழகிய நவீன மனிதனுக்குப் புதியதொரு படிப்பினையாகும்.

இப்பின்னணியிலேயே கையொப்ப வரிகள் நான்குக்கு மேற்படலாகாது என்ற வழக்காறு உருவாயிற்று. வரிக்கு 80 எழுத்துக்கள், நான்கு வரிகள் என்ற இவ்வளவு 'மக்குவாரி எல்லை' எனப் பெயர்பெற்றது. 80 என்பது துளையட்டைக் காலத்திலிருந்து கணனித் திரைகளுக்கு வந்துசேர்ந்த அகலமாகும். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபரில், இன்ரெல் நிறுவனத்தைச் சேர்ந்த சலி ஹம்பிறிட்ஜ் தொகுத்து, இணைய நெறிமுறைப் பத்திரத் தொடரில் 1855 ஆம் இலக்கத்துடன் வெளிவந்த வலையொழுக்க வழிகாட்டி இந்நான்கு வரி எல்லையை எழுத்தில் வழங்கியது. அது கூறிய காரணமே ஈண்டு நோக்கத்தக்கது. இணைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் செலுத்துவோர் பலர் உளர். செய்தி நீளுந்தோறும் அவர்கள் செலுத்தும் தொகையும் கூடும் என்பதை எழுதுபவர் நினைவிற் கொள்ளவேண்டும் என அது விளக்கியது. அழகு கெடும் என்றோ மரபு தவறும் என்றோ அது கூறவில்லை. முன்பின் அறியாத ஒருவரின் செலவையே அது அளவுகோலாகக் கொண்டது. இவ்வகையில், அது நாகரிக விதி என்ற நிலையைக் கடந்து நீதி பற்றிய விதியாகின்றது.

விலை வீழ்ந்தபின் விதி வீழுமா?

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். தொலைபேசிக் கட்டணம் பற்றிய கணக்கு இன்று செல்லுபடியற்றது. நான்கு வரியாயினும் நானூறு வரியாயினும் அவற்றை அனுப்பும் செலவில் உணரத்தக்க வேறுபாடு இல்லை. காரணம் மறைந்தபின் விதி மாத்திரம் நிலைத்திருப்பது மூடமரபு ஆகாதா என்பதே அத்தடை.

இவ்வாதம் வலிமையுடையதே. எனினும் அது விலையைப் பணமாக மாத்திரம் காண்கின்றது. கம்பியினூடாகச் செல்லும் எழுத்துக்களின் விலை குறைந்தமை உண்மை. கண்ணினூடாகச் செல்லும் எழுத்துக்களின் விலை குறையவில்லை. ஒரு நாளில் மனிதன் கவனஞ் செலுத்தக்கூடிய அளவு 1979 இல் இருந்தவாறே இன்றும் உள்ளது. அவன்பால் வந்துசேரும் எழுத்துக்களே பெருகியுள்ளன. எனவே விலை அழிந்துபோகவில்லை. அது நிறுவனங்களின் தொலைபேசிக் கணக்கிலிருந்து வாசிப்பவரின் மனத்துக்கு இடம்மாறியுள்ளது. முன்னையது கணக்கேட்டில் எழுதப்பட்டது. பின்னையது எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத செலவு அனுப்புபவரின் கண்ணுக்குப் படாது போவதால், அதனை நினைத்துப்பார்க்கும் கடமை முன்னையிலும் அதிகரிக்கின்றது.

வரி எண்ணிக்கையைவிட நுட்பமானதொரு வழக்காறும் இச்சமூகத்தில் உண்டு. செய்தி முடிந்தபின், கையொப்பம் தொடங்குமுன், இரு சிறுகோடுகளும் ஓர் இடைவெளியும் மாத்திரம் கொண்ட தனிவரியொன்றை இடுவதே அதுவாகும். நெடுங்கால வழக்கமாயிருந்த இது, 2004 இல் வெளிவந்த 3676 ஆம் இலக்கப் பத்திரத்திலும் குறிக்கப்பட்டது. இக்குறியைக் காணும் மின்னஞ்சற் செய்நிரல், அதன் கீழுள்ளவற்றை மங்கலாகக் காட்டவோ மறைக்கவோ மறுமொழி எழுதும்போது நீக்கிவிடவோ இயலும். எழுதுபவர் இக்குறியை இடுவதன் பொருள் தெளிவானது. சொல்லவேண்டியது இவ்விடத்தில் முடிந்துவிட்டது, இதன் கீழுள்ளது விருப்பமானவர்க்கு உரியது, விருப்பமில்லாதவர் இங்கேயே விடைபெறலாம் என்பதை அவர் முன்கூட்டியே அறிவிக்கின்றார். மனிதரை வெறும் சாதனமாகக் கொள்ளாது குறிக்கோளாகவும் கொள்க எனக் கான்ற் விதித்த நெறியின் மிகச் சிறிய நடைமுறை வடிவம் இதுவெனக் கூறின் மிகையாகாது. கேட்போரின் கதவைத் தாழிட்டுவிட்டுச் சொல்லப்படும் பகிடிக்கும், கதவைத் திறந்துவைத்துச் சொல்லப்படும் பகிடிக்கும் இடையிலான வேறுபாடு அக்கோடுகளில் அடங்கியுள்ளது.

பயனற்றதன் பயன்

செலவுக் கணக்கையே அறமாகக் கொண்டால் சிரிப்புக்கு இடமேது என்ற மறுதலை வினாவும் ஆராயப்படவேண்டியது. வள்ளுவர் பயனில சொல்லாமைக்கென ஓரதிகாரம் வகுத்தார். அதன் கண்டிப்பை அப்படியே கைக்கொண்டால் கையொப்ப வரிகள் அனைத்தும் நீக்கத்தக்கனவாகிவிடும்.

இவ்வினாவுக்கு விடைகாண ஓர் எடுத்துக்காட்டு உதவும். லரி வோல் 1987 இல் 'பேர்ள்' என்னும் செய்நிரல் மொழியை வெளியிட்டார். அம்மொழியில் வல்லுநரான ரண்டல் சுவாற்ஸ், 1980களின் இறுதியில், தமது செய்திகளின் அடியில் சிறு செய்நிரலொன்றை இடும் வழக்கத்தைத் தொடக்கிவைத்தார். அச்செய்நிரலை இயக்கினால், தாம் மற்றுமொரு பேர்ள் செய்நிரலாளர் என்னும் ஒரே தொடரைத்தான் அது அச்சிடும். பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆயினும் அதனைச் சுற்றிவளைத்து, அம்மொழியின் இண்டுஇடுக்குகளிலெல்லாம் புகுந்து, விடுகதை போன்று எழுதினார். வேறு பலரும் அதனைப் பின்பற்றி, மேலும் மேலும் விளங்காத வகையில் அதே தொடரை அச்சிடும் செய்நிரல்களை இயற்றினர். உலகியற் பயன் என ஒன்றும் இதிலில்லை. ஆயினும் அவ்வரிகளை அவிழ்க்க முயன்ற இளைஞர் அம்மொழியின் நுட்பங்களைக் கற்றனர்; அவிழ்த்தபோது மகிழ்ந்தனர். சித்திரக்கவி பாடிய புலவருக்கும் அதனை விடுவித்த மாணாக்கருக்கும் இடையே நிலவிய உறவை இஃது ஒத்தது.

சிரிப்பு எப்பொழுதும் ஒரு குழுவின் சிரிப்பே என்பது பிரெஞ்சு மெய்யியலாளரான பேர்க்சன் 1900 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வலியுறுத்திய கருத்தாகும். ஒருவரை ஒருவர் நேரிற் காணாது, நாடுகள் பலவற்றிற் சிதறியிருந்து பணியாற்றிய செய்நிரலாளர்க்குப் பகிடியே பொதுமுற்றமாயிற்று. அம்முற்றத்தை அழித்துவிட்டு எஞ்சும் செய்திப் பரிமாற்றம் செப்பமானதாயிருக்கலாம்; சமூகமாயிராது. ஆகவே பகிடி பயனற்றது என்ற தீர்ப்பு ஏற்கத்தக்கதன்று. அதனை வரி என்று கருதாது கொடை என்று கருதுவதே பொருந்தும். வரியைக் கொடுத்தே ஆகவேண்டும். கொடையை ஏற்காது விடலாம். ஏற்காது விடும் உரிமை உள்ளவரையிலேதான் கொடை கொடையாகும்.

அரிஸ்ரோட்டில் தமது நிக்கோமக்கிய ஒழுக்கவியலின் நான்காம் நூலில் நகைச்சுவையை ஒரு நற்பண்பாகவே எடுத்துரைக்கின்றார். எதனையும் சிரிப்பாக்கத் துடிக்கும் கோமாளி ஒருபுறமும், எதற்கும் சிரிக்காத முரடன் மறுபுறமும் நிற்க, இடையில் நிற்பவனே நயமான பகிடி அறிந்தவன் என்பது அவர் துணிபு. கோமாளியின் குறை, கேட்பவர்க்கு நேரும் நோவைக் கருதாது சிரிப்பொன்றையே கருதுதலாகும். பகிடி கூறுபவர் கேட்பவரைக் கருதவேண்டும் என்ற இக்கொள்கை, நான்கு வரி விதியின் உட்பொருளோடு இயைவது கவனிக்கத்தக்கது.

குறியும் குற்றமும்

பகிடி விளங்காது போவதும் பகிடி புண்படுத்துவதும் வேறுவேறு நிலைகள். இவ்விரண்டையும் ஒன்றாக்கி மயங்குவது இச்சமூகத்தில் அடிக்கடி நேர்ந்த தவறாகும்.

1982 ஆம் ஆண்டு, கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணனி அறிவித்தற் பலகையில், மின்னுயர்த்தி ஒன்றினுள் பாதரசம் சிந்தியுள்ளதாகப் பகிடியாக எழுதப்பட்ட எச்சரிக்கையைச் சிலர் மெய்யென நம்பினர். இதனைத் தொடர்ந்து நிகழ்ந்த உரையாடலில், செப்ரெம்பர் 19 ஆம் திகதி, ஸ்கொற் பால்மன் என்னும் கணனியியலாளர் ஒரு யோசனையை முன்வைத்தார். முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இட்டால் பக்கவாட்டிற் பார்க்கையில் சிரித்த முகமாகத் தோன்றும். பகிடிகளுக்கு அதனை இடலாம் என்பதே அவ்யோசனை. குரலும் முகமும் இல்லாத எழுத்தில், சொல்பவரின் மனநிலையைச் சுட்ட ஓர் அடையாளம் இவ்வாறு பிறந்தது. முதல் நிலைக்கு, அதாவது விளங்காமைக்கு, இது தக்க மருந்தாயிற்று.

ஆயின் இரண்டாம் நிலைக்கு இது மருந்தாகாது. இழிவான ஒன்றைக் கூறிவிட்டு இறுதியில் சிரித்த முகத்தை இட்டுவிட்டால் இழிவு நீங்கிவிடும் என்ற எண்ணம் விரைவிலேயே பரவிற்று. மேற்குறித்த 1995 ஆம் ஆண்டு வழிகாட்டி இதனையும் கண்டித்தது. அக்குறியைச் சிக்கனமாகக் கையாளுமாறு பணித்த அது, அதனை இட்டமையாலேயே பெறுபவர் மகிழ்வார் என்றோ, இகழுரையின் கடுமை துடைக்கப்படும் என்றோ கருதவேண்டாம் எனக் கூறியது. பண்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர், விளையாட்டாகச் செய்யப்படினும் இகழ்ச்சி துன்பந்தருவதே எனக் கண்டதும் இதுவே. நகை தோன்றும் நிலைக்களங்களுள் இகழ்ச்சியையும் ஒன்றாகத் தொல்காப்பியர் எண்ணினார். அவர் நகை எவ்வாறு பிறக்கின்றது என்று கூறினார். வள்ளுவர் அது எவரை வருத்துகின்றது என்று கேட்டார். இலக்கணகாரரின் நோக்கும் அறநூலாரின் நோக்கும் வேறுபடும் இடம் இது.

விதியைக் காக்க முற்பட்டோரும் இத்தவறுக்கு விலக்கானவரல்லர். ஏறத்தாழ 1991 ஆம் ஆண்டளவில், பெரியதொரு வாளின் சித்திரத்தைக் கையொப்பமாக இட்ட புதியவர் ஒருவரைக் கேலிசெய்வதற்கென யூஸ்நெற்றில் தனிக்குழுவொன்றே தோன்றியது. அதன் பெயர் அவருடைய 'இரசிகர்' குழு என்பதாகும். நீண்ட கையொப்பங்களை எடுத்துவைத்து அவற்றை வானளாவப் புகழ்வதே அங்கு வழங்கிய முறை. தமிழ் அணியிலக்கணம் 'வஞ்சப் புகழ்ச்சி' எனப் பெயரிட்ட உத்தி அங்குத் தண்டனைக் கருவியாயிற்று. வாசிப்பவரின் சுமையைக் குறைக்க எழுந்த விதி, அறியாது மீறிய புதியவரின்மீது பெருஞ்சுமையை ஏற்றுவதற்குச் சாட்டாகியமை முரணானது. விதி நல்லதாயிருத்தல் போதாது. அதனைக் கற்பிக்கும் முறையும் நல்லதாயிருத்தல் வேண்டும்.

சொல்லே செயலாகுமிடத்து

செய்நிரலாளரின் பகிடிக்கு ஏனையோரின் பகிடிக்கு இல்லாத ஓர் இயல்புண்டு. அவர்களுடைய சொல் இயங்கக்கூடியது. பிறர் கூறும் பகிடியை நம்பினவர் ஏமாறுவார். செய்நிரலாளர் கூறும் பகிடியை நம்பினவர் தம்முடைய கணனியையே இழத்தல் கூடும். யுனிக்ஸ் வகைக் கணனிகளில், கோப்புத் தொகுதியின் வேரிலிருந்து அனைத்தையும் கேள்வியின்றி அழித்துவிடும் குறுங்கட்டளை ஒன்றுண்டு. உதவி கேட்டு வரும் புதியவரிடம், இதனைத் தட்டச்சிட்டால் பிரச்சினை தீரும் என்று கூறுவது நெடுநாளைய பகிடி. அறிந்தவர் சிரிப்பர், அறியாதவர் தட்டச்சிடுவர். குனூ கருவித் தொகுதியைப் பேணுவோர் 2006 ஆம் ஆண்டில், அக்கட்டளை வேரைத் தொடுமாயின் இயல்பாகவே மறுத்துவிடும்படி அமைத்தனர். தவறுதலாகத் தட்டச்சிடுவோரைக் காப்பதோடு, பகிடியை நம்பியோரையும் அது ஓரளவு காத்தது.

இவ்வகைப் பகிடியில் சிரிப்பவர் ஒருவர், செலுத்துபவர் மற்றொருவர். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் வழங்கும் 'பகிடிவதை' என்னும் சொல் இத்தகைய பிரிவினையைத் தன்னகத்தே கொண்டுள்ளது. முற்பகுதி செய்பவர் அச்செயலுக்கு இடும் பெயர். பிற்பகுதி அனுபவிப்பவர் இடும் பெயர். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியபோது, பிற்பகுதியையே உண்மைப் பெயராக ஏற்றுக்கொண்டது. புதியவரை வரவேற்கும் சடங்கு, குழுவின் ஒற்றுமை, முன்னோரும் பட்டதே என்ற நியாயம் ஆகியன இரு சூழல்களிலும் ஒரே மாதிரியாகக் கூறப்படுதல் மனங்கொள்ளத்தக்கது. அறியாமை ஒருவரின் குற்றமன்று. அறியாமையைப் பயன்படுத்திச் சிரிப்பது குற்றமே.

தன்னைப் பிணையாக வைத்தல்

இதற்கு நேர்மாறானதொரு கையொப்பமும் இதே சமூகத்தின் வரலாற்றிலே காணப்படுகின்றது. 1990களின் முற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் ஏற்றுமதி விதிகள், வலுவான மறைகுறியாக்கச் செய்நிரல்களை ஆயுதப் பட்டியலில் அடக்கியிருந்தன. 1991 இல் 'பி.ஜி.பி.' என்னும் மறைகுறியாக்கச் செய்நிரலை வெளியிட்ட பில் சிம்மர்மன், 1993 முதல் குற்றவியல் விசாரணைக்கு உள்ளாகி, 1996 இல் குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுவிக்கப்பட்டார். இச்சூழலில், ஆங்கிலேயக் கணனியியலாளரான அடம் பாக் 1995 இல் அம்மறைகுறியாக்க முறைகளுள் ஒன்றைப் பேர்ள் மொழியில் மூன்றே வரிகளுக்குச் சுருக்கினார். மூன்று வரிகள் என்பது கையொப்பத்துக்குரிய எல்லைக்குள் அடங்குவது. செய்நிரலாளர் பலர் அதனைத் தம் பெயரின் கீழ் இட்டனர். வெளிநாட்டு நண்பருக்கு நலம் விசாரித்து ஒரு கடிதம் எழுதினாலே, சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஆயுத ஏற்றுமதியாளராயினர்.

இது பகிடியே. நலம் விசாரிப்பும் ஆயுதக் கடத்தலும் ஒரே தாளில் இடம்பெறும் அபத்தமே அதன் நகைப்பொருள். எனினும் அதன் அறநிலை முன்னைய எடுத்துக்காட்டிலிருந்து முற்றும் வேறானது. ஐக்கிய அமெரிக்காவிலிருந்து அதனை அனுப்பியவர் தமது உண்மைப் பெயரின் கீழேயே இட்டார். தொல்லை நேரின் அது தமக்கே நேரும் என அறிந்தே இட்டார். கடிதத்தைப் பெற்றவருக்கோ மூன்று வரிகளைக் கடந்துசெல்லும் சிரமம் மாத்திரமே. சட்டத்தை எதிர்ப்போர் அதன் விளைவைத் தாமே ஏற்கவேண்டும் எனக் கொள்ளும் சாத்துவிக மறுப்பு மரபோடு இக்கையொப்பம் உறவுடையது. பின்னர், 2000 ஆம் ஆண்டில், அந்நாட்டின் ஆறாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 'யங்கர் எதிர் டேலி' வழக்கில், செய்நிரலின் மூலவரிகள் கருத்து வெளிப்பாட்டுச் சாதனமாதலின் பேச்சுச் சுதந்திரப் பாதுகாப்புக்கு உரியன எனத் தீர்மானித்தது. ஏற்றுமதி விதிகளும் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே தளர்த்தப்பட்டன. இம்மாற்றத்துக்குக் கையொப்ப வரிகளே காரணம் எனக் கூறுதல் மிகையாகும். ஆயினும் செய்நிரலும் ஒரு பேச்சே என்ற உண்மையை நீதிமன்றம் ஏற்குமுன்னரே அவை எளியோர்க்கும் விளங்கவைத்தன.

நல்ல நோக்கமும் பிறர் செலவும்

நோக்கம் நல்லதாயின் பகிடி நல்லதாகிவிடுமா என்பது எஞ்சும் வினா. டக்ளஸ் குறொக்போட் என்னும் செய்நிரலாளர், 2002 ஆம் ஆண்டளவில், தாம் எழுதிய செய்நிரலின் உரிமப் பத்திரத்தில், இதனை நன்மைக்குப் பயன்படுத்தவேண்டும், தீமைக்குப் பயன்படுத்தலாகாது என்று பொருள்படும் வாக்கியமொன்றைச் சேர்த்தார். கையொப்ப வரியைப் போலவே இதுவும் ஒருமுறை எழுதப்பட்டு, ஒவ்வொரு பிரதியோடும் ஒட்டிச் சென்றது. பாதி விளையாட்டாகவும் பாதி மெய்யாகவும் எழுதப்பட்ட அவ்வாக்கியத்தைப் படித்தோர் முறுவலித்தனர். ஆனால் உரிமம் என்பது சட்டப் பத்திரம். தீமை எது என்பதை அது வரையறுக்கவில்லை. கட்டற்ற மென்பொருள் அமைப்பும் டெபியன் குழுவினரும் அவ்வுரிமத்தைக் கட்டற்றதென ஏற்க மறுத்தனர். 2016 இல் அப்பாச்சி நிறுவனமும் தன் பணிகளில் அதனை விலக்கியது. அச்செய்நிரலைத் தங்கியிருந்தோர் மாற்றுச் செய்நிரல்களைத் தேடவும் எழுதவும் நேர்ந்தது. நன்மையை விரும்பிக் கூறப்பட்ட ஒரு வாக்கியம், தீமை எதனையும் செய்யாத பலரின் உழைப்பை விலையாகப் பெற்றது.

குறொக்போட்டின் வாக்கியம் தீயது எனக் கூறல் நீதியன்று. செய்நிரலை ஆக்குபவர் அதன் பயனைக் குறித்துக் கவலைகொள்ளவேண்டும் என்ற எண்ணம் உயர்ந்தது. ஆயினும் அவ்வெண்ணத்தைப் பிறர் விலகிச்செல்ல இயலாத இடத்தில் வைத்தமையே சிக்கல். இரு சிறுகோடுகளின் கீழ் அவ்வாக்கியம் இடம்பெற்றிருப்பின், எவருக்கும் இடரின்றி அது பலரைச் சிந்திக்கச் செய்திருக்கும்.

வாணிக உலகின் கையொப்பத்தோடு ஒப்பிடுகையில் இப்பிரச்சினையின் மறுபக்கம் புலனாகும். 1996 இல் தொடங்கிய ஹொற்மெயில் சேவை, தன் பயனாளர் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், இலவச மின்னஞ்சலைப் பெறுமாறு அழைக்கும் தன் விளம்பர வரியைச் சேர்த்தது. அது வெகுவேகமாக வளர்ந்து, 1997 இன் இறுதியில் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தால் வாங்கப்பட்டது. ஐபோனிலிருந்து அனுப்பப்பட்டது எனத் தெரிவிக்கும் வரியும் இவ்வகையினதே. 2007 முதல் அது கோடிக்கணக்கான கடிதங்களின் அடியில் இடம்பிடித்தது. கடிதத்தை எழுதியவர் அவ்வரியை எழுதவில்லை; அவ்வரியை எழுதிய நிறுவனமோ கடிதத்தின் பொறுப்பை ஏற்பதில்லை. பெயர் ஒருவருடையது, சொல் வேறொருவருடையது. செய்நிரலாளரின் மிக மோசமான பகிடியிலும் அதனைச் சொன்னவர் இன்னாரென்பது தெரியும். இங்கு அதுவுமில்லை. பகிடிக் கையொப்பங்களை முதிர்ச்சியற்றவை என நகைப்போர், அவை அகன்ற இடத்தில் வந்து குடியேறியிருப்பது எது என்பதையும் எண்ணிப்பார்த்தல் நன்று.

நிறைவாக

இதுவரை நோக்கியவற்றிலிருந்து பெறப்படுவது இதுவாகும். பகிடியின் அறத்தை அதன் நயத்தைக் கொண்டு தீர்மானித்தல் இயலாது. நோக்கத்தைக் கொண்டு மாத்திரமும் தீர்மானித்தல் இயலாது. அதன் விலையைச் செலுத்துபவர் யார் என்பதே முதல் வினா. சொன்னவரே செலுத்துவாராயின் அது துணிவாகும். மறைகுறியாக்க வரிகளை இட்டோர் அத்தகையோர். சொன்னவரும் கேட்பவரும் விரும்பிப் பகிர்ந்து செலுத்துவாராயின் அது தோழமையாகும். பேர்ள் விடுகதைகள் அவ்வகையின. கேட்பவர் அறியாமலே செலுத்துவாராயின் அது, சிரித்த முகக் குறி எத்தனை இடப்பட்டிருப்பினும், சுரண்டலாகும்.

தன்பெயரின் கீழ் இடம்பெறும் நான்கு வரிகளை ஒருவர் எவ்வாறு பயன்படுத்துகின்றார் என்பது சிறிய விடயமே. ஆனால் அவ்விடத்தில் அவரைத் தடுப்பார் எவருமிலர். மீறினால் தண்டிக்கும் சட்டமுமில்லை. எதிரே முகமும் தெரிவதில்லை. கட்டாயம் எதுவுமில்லாத இடத்தில் காணாத ஒருவரின் சிரமத்தை எண்ணி ஒரு வரியைக் குறைத்துக்கொள்பவர், பெரிய விடயங்களிலும் அவ்வாறே எண்ணுதற்குப் பயிற்சி பெறுகின்றார். ஒழுக்கம் பெரும்பாலும் இத்தகைய சிறிய இடங்களிலேதான் பழகப்படுகின்றது.